துணி டாப் தார், ஒரு டப்பா பால்கோவா, ₹43,000 பில்: கிளெய்ம் போடலாமா, வேண்டாமா?

சேனல்ல என்சிபி பத்தி வீடியோ போட்டப்ப நிறைய பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: "சின்ன டேமேஜுக்கு கிளெய்ம் போட்டா நஷ்டமா, லாபமா?" அன்னைக்கு பொதுவா ஒரு பதில் சொல்லிட்டுப் போயிட்டேன். இப்ப எங்க வீட்டுலயே ஒரு கேஸ் வந்திருக்கு. நம்பரோட பார்க்கலாம்.

என் சித்தப்பா பையன் சென்னையில ஐடி கம்பெனியில வேலை பார்க்கிறான். 2021 தீபாவளி சமயத்துல மஹிந்திரா தார் எடுத்தான். ஹார்ட் டாப் இல்ல, பின்னாடி மடிக்கிற துணி டாப். "அக்கா, மூணாறு ரோட்டுல டாப்பைத் திறந்துட்டுப் போனா எப்படி இருக்கும் தெரியுமா"ன்னு கேட்டான். இஎம்ஐ எவ்வளவுடான்னு மட்டும் நான் கேட்டேன்.

2025 ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் பார்க்க ஊருக்கு வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேர் அன்னைக்கு வண்டி விட இடம் ஏது? மேற்கே செண்பகத்தோப்பு போற வழியில மாமாவோட மாந்தோப்பு இருக்கு. அங்க மோட்டார் ரூம் பக்கத்துல மரத்தடியில வண்டியை விட்டுட்டு, மாமாவோட டிவிஎஸ்ல ஊருக்குள்ள வந்துட்டான். பின் சீட்டுல ஆபீஸ் நண்பர்களுக்கு வாங்கின பால்கோவா டப்பா நாலு.

செண்பகத்தோப்பு தெரிஞ்சவங்களுக்கு மீதிக் கதை தெரியும். அது மேற்குத் தொடர்ச்சி மலையோட அடிவாரம். 1988ல அறிவிச்ச சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021ல மேகமலையோட சேர்த்து புலிகள் காப்பகமாவும் ஆயிடுச்சு. அணிலையும் புலியையும் பார்க்க குடுத்து வச்சிருக்கணும். குரங்கைப் பார்க்க அதெல்லாம் தேவையில்ல.

சாயங்காலம் போய்ப் பார்த்தா, டாப்புல ஒரு முழ நீளத்துக்கு ரெண்டு கிழிசல். பின் பக்க பிளாஸ்டிக் ஜன்னல் ஒண்ணு ஜிப்போட பிஞ்சு தொங்குது. பால்கோவா நாலு டப்பாவும் காலி. ராத்திரி மலைச்சாரல் வேற அடிச்சு சீட்டெல்லாம் ஈரம். மறுநாள் காலையில போன்: "அக்கா, இன்ஷூரன்ஸ் இருக்குல்ல, கிளெய்ம் போட்டுடவா?"

"போடாத. எதையும் தொடாத. முதல்ல போட்டோ எடு. பாலிசி பிடிஎஃப் அனுப்பு."

முதல் கேள்வி: இது கவர் ஆகுமா?

கையில தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தா கதை இங்கயே முடிஞ்சது. மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம் எடுக்க வேண்டியது தேர்ட் பார்ட்டி மட்டும்தான். அது உங்க வண்டியால அடுத்தவங்களுக்கு வர்ற நஷ்டத்துக்கு. உங்க வண்டிக்கு ஒரு பைசா வராது.

ஓன் டேமேஜ் பகுதி இருந்தா, தீ, மின்னல், திருட்டு, கலவரம், வெள்ளம், புயல், நிலச்சரிவு, வெளியிலிருந்து எதிர்பாராம வர்ற சேதம் எல்லாம் அதுல அடங்கும். குரங்கு கிழிச்சது அந்தக் கடைசி வகையில வரும். மரக்கிளை முறிஞ்சு விழுந்தாலும், தேங்காய் விழுந்தாலும் அப்படித்தான்.

எது வராது? வெயில்ல நாலு வருஷம் காஞ்சு டாப் வெளிறிப்போனது, தையல் விட்டது, மடிப்புல விரிசல் விட்டது, பூஞ்சை பிடிச்சது. இதெல்லாம் தேய்மானம், எந்தக் கம்பெனியும் தராது. துணி டாப் வண்டியை வெட்டவெளியில நிறுத்துறவங்களுக்கு நிஜத்துல வர்ற செலவுல பெரும்பகுதி இந்த வகைதான். இது உங்க பாக்கெட்லேர்ந்துதான் போகும். அதனாலதான் பராமரிப்பு பத்தி கீழ தனியா எழுதியிருக்கேன்.

பால்கோவாவும் வராது! வண்டிக்குள்ள இருக்கிற சொந்தப் பொருள் மோட்டார் பாலிசியில சேராது. சிரிக்கிற விஷயம்தான், ஆனா அதே இடத்துல ஆபீஸ் லேப்டாப் இருந்திருந்தா? துணி டாப் வண்டியோட கதவை நீங்க பூட்டலாம், ஒரு பிளேடு போதும் உள்ள கை விட. லேப்டாப் போனா கம்பெனி உங்க சம்பளத்துல பிடிக்கலாம். ஆஃபர் லெட்டரோட கையெழுத்துப் போட்ட பேப்பர்ல அது இருக்கான்னு பாருங்க. சொந்தப் பொருளுக்குன்னு தனி ஆட்-ஆன் உண்டு, அதுல உச்சவரம்பும் விலக்குகளும் இருக்கும். துணி டாப்போ இல்லையோ, வண்டிக்குள்ள எதையும் விட்டுட்டுப் போகாதீங்க.

ரெண்டாவது கேள்வி: எவ்வளவு வரும்?

புது டாப்பும் ஜன்னலும் ₹38,000, கூலி ₹5,000, ஆக ₹43,000ன்னு எஸ்டிமேட் வாங்கிட்டு வந்தான். "அப்ப 43,000 வரும்ல?"

வராது. மூணு இடத்துல கத்தரி விழும்.

ஒண்ணு, பாகங்களோட தேய்மானம். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கும், டயர், பேட்டரிக்கும் நேரா 50% கழிப்பாங்க, வண்டி வாங்கி ஒரு மாசம் ஆனாலும் சரி. கண்ணாடிக்குக் கழிவே கிடையாது. ஃபைபர் கிளாஸுக்கு 30%. உலோகப் பாகத்துக்கு வண்டியோட வயசைப் பொறுத்து. முதல் ஆறு மாசம் பூஜ்யம், நாலு வயசைத் தாண்டி அஞ்சுக்குள்ள இருந்தா 35%. இப்ப யோசிங்க. ஹார்ட் டாப் வண்டியோட கூரையும் ஜன்னலும் இரும்பும் கண்ணாடியும். துணி டாப் வண்டிக்கு அதே இடத்துல வினைல் பூசின துணியும் பிளாஸ்டிக் ஷீட்டும். அது 50% வகையிலதான் போகும்னு வச்சுக் கணக்கு போடுங்க. அதாவது வண்டியிலயே சுலபமா சேதமாகிற பாகம், இன்ஷூரன்ஸ்ல பாதிதான் கிடைக்கிற பாகமாவும் இருக்கு. ஷோரூம்ல இதை யாரும் சொல்ல மாட்டாங்க.

ரெண்டு, கட்டாயக் கழிவு. 1500 சிசி வரைக்கும் ₹1,000, அதுக்கு மேல ₹2,000. இவன் வண்டி 2.2 லிட்டர் டீசல், அதனால ₹2,000.

43,000லேர்ந்து தேய்மானம் 19,000 போச்சு, கட்டாயக் கழிவு 2,000 போச்சு. கைக்கு வர்றது ₹22,000.

மூணாவது கத்தரி செட்டில்மென்ட் பேப்பர்ல தெரியாது. அது அடுத்த ரினியூவல்ல வரும்.

என்சிபி: கண்ணுக்குத் தெரியாத பில்

கிளெய்ம் போடாத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்துல தள்ளுபடி ஏறும்: 20%, 25%, 35%, 45%, கடைசியா 50%. ஒரு கிளெய்ம் வாங்கினா அடுத்த ரினியூவல்ல நேரா பூஜ்யம். பாம்பு-ஏணி விளையாட்டுல 98ல பாம்பு கடிச்ச மாதிரி.

இவனுக்கு மூணு வருஷம் சுத்தம், 35%ல இருக்கான். இந்த வருஷமும் சுத்தமாப் போனா 45%. தள்ளுபடிக்கு முன்னாடி ஓன் டேமேஜ் பிரீமியம் ₹16,000. கணக்கு சுலபமா இருக்க அதை அப்படியே வச்சுக்கிறேன்.

முதல் ரினியூவல்: கிளெய்ம் போடலன்னா 8,800, போட்டா 16,000. வித்தியாசம் 7,200.
ரெண்டாவது: 8,000, 12,800. வித்தியாசம் 4,800.
மூணாவது: 8,000, 12,000. வித்தியாசம் 4,000.
நாலாவது: 8,000, 10,400. வித்தியாசம் 2,400.
அஞ்சாவது: 8,000, 8,800. வித்தியாசம் 800.

மொத்தம் ₹19,200. இதுக்கு மேல 18% ஜிஎஸ்டி ₹3,456. ஆக ₹22,656.

கம்பெனி தர்றது 22,000. அஞ்சு வருஷத்துல நாம திருப்பிக் கட்டுறது 22,656. ஃபார்ம் நிரப்பி, சர்வேயருக்குக் காத்திருந்து, ஒர்க்‌ஷாப்ல ரெண்டு வாரம் வண்டியை விட்டு, கடைசியில ₹656 நஷ்டம்.

ஒரு சிஏவா நியாயத்துக்கு இதையும் சொல்லிடறேன். இந்த 22,656 உச்சபட்சத் தொகை. வண்டி பழசாக ஆக ஐடிவி குறையும், பிரீமியமும் குறையும், வித்தியாசமும் கொஞ்சம் குறையும். நாளைக்கே வேற ஒரு பெரிய விபத்து நடந்து அதுக்கு கிளெய்ம் போட வேண்டி வந்தா என்சிபி எப்படியும் போயிருக்கும். அப்ப இந்த 22,000ஐ வாங்காம விட்டது முட்டாள்தனம்னு தோணும். இன்னொரு பக்கம், என்சிபி வண்டிக்குச் சொந்தம் இல்ல, உங்களுக்குச் சொந்தம். இதை வித்துட்டு விலை கூடின புது வண்டி எடுத்தா அந்தத் தள்ளுபடி கூடவே வரும், அங்க அதோட மதிப்பு இன்னும் அதிகம். அதனால ₹656ஐப் பிடிச்சுத் தொங்காதீங்க. ஏறக்குறைய சமம்னு எடுத்துக்கோங்க. சமமா வர்ற இடத்துல நான் கிளெய்ம் போட மாட்டேன். உங்க கேஸுல 50% என்சிபியும் ரெண்டு லட்சம் பில்லும் இருந்தா கண்ணை மூடிட்டுப் போடுங்க, அதுக்குத்தானே பாலிசி.

"கிளெய்ம் வாங்கிட்டு, அடுத்த வருஷம் வேற கம்பெனி மாறி, கிளெய்மே இல்லன்னு டிக் பண்ணிடலாமே?" இதையும் கேட்டான், நம்ம பையன்தானே. புதுக் கம்பெனி பழைய கம்பெனிகிட்ட விசாரிக்கும். பொய்னு தெரிஞ்சா நாளைக்குப் பெரிய கிளெய்ம் வரும்போது கையை விரிச்சிடுவாங்க. வேண்டவே வேண்டாம்.

போன் பண்றதுலயும் கவனம். "சும்மா விசாரிக்கலாம்னு" டோல் ஃப்ரீ நம்பருக்கு அடிச்சா அவங்க கிளெய்ம் நம்பர் போட்டுடலாம். போட்டுட்டாங்கன்னா, வேண்டாம்னு முடிவு பண்ணினதும் வாபஸ்னு மெயில்ல எழுதி, பதிலையும் வச்சுக்கோங்க. அதேசமயம் கிளெய்ம் போடப் போறீங்கன்னா தாமதிக்காதீங்க, சர்வே முடியுற வரைக்கும் ரிப்பேரும் தொடங்காதீங்க.

₹4,200 மிச்சம் பிடிச்ச கதை

பாலிசியைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது எங்கன்னா, முதல் மூணு வருஷமும் ஜீரோ டெப் இருந்திருக்கு. போன ரினியூவல்ல ஆன்லைன்ல விலை வரிசையில அடுக்கி, கம்மியா இருந்ததைத் தட்டியிருக்கான். ஜீரோ டெப்பை எடுத்ததால ₹4,200 மிச்சம். அது இருந்திருந்தா தேய்மானக் கழிவு 19,000 விழுந்திருக்காது, 41,000 வந்திருக்கும். என்சிபி போனாலும் 18,000 கிட்ட லாபம். கிளெய்ம் போடுன்னே சொல்லியிருப்பேன்.

சாதாரண கார்ல நாலஞ்சு வருஷத்துக்கு அப்புறம் ஜீரோ டெப் வேணுமான்னு ரெண்டு பக்கமும் பேசலாம். துணி டாப் வண்டியில பேச்சே வேண்டாம், கிடைக்கிற வரைக்கும் எடுங்க. ஒரு வருஷம் விட்டுட்டா திரும்பக் கேக்கும்போது சில கம்பெனி வண்டியைப் பார்த்துட்டுத்தான் தரும், சிலது தரவே தராது. என்சிபியைக் காப்பாத்துற ஆட்-ஆனும் இருக்கு. வருஷத்துக்கு எத்தனை கிளெய்ம் வரைக்கும்னு படிச்சிட்டு வாங்குங்க. பாலிசி முடிஞ்சு 90 நாளுக்குள்ள ரினியூ பண்ணலன்னா சேர்த்த என்சிபி மொத்தமும் காலி, இதை மறக்காதீங்க.

இன்னொண்ணு, ஹார்ட் டாப் வாங்கிட்டு ஆசைப்பட்டு கூரையை வெட்டி துணி டாப் மாட்டுறாங்க சிலர். கம்பெனி தயாரிச்ச வடிவத்தை இப்படி மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. ஆர்சியில இல்லாத மாற்றத்தோட கிளெய்முக்குப் போனா என்ன பதில் வரும்னு நான் சொல்லத் தேவையில்ல.

(சம்பளக்காரங்க அடிக்கடி கேக்கிறது: கார் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு 80சியில ஏதாவது? இல்லீங்க. அது ஆயுள் காப்பீட்டுக்கு.)

நிறுத்துற இடம்: இங்கதான் பணம் மிச்சம்

நம்ம ஊர்ல துணிக் கூரை ஒண்ணும் புதுசில்ல. 1985ல வந்த மாருதி ஜிப்ஸி அப்படித்தான் இருந்தது, மலை ரோட்டுலயும் காட்டு ரோட்டுலயும் வருஷக்கணக்கா ஓடுச்சு. அதைப் பார்த்துக்க ஒரு டிரைவர் இருந்தார். 2023ல 90 லட்சம் கிட்ட விலை போன பிஎம்டபிள்யூ இசட்4 வாங்கினவங்களுக்கும் துணி டாப்தான், அவங்க வீட்டுல கராஜ் இருக்கும். நடுவுல மாட்டுனது, ஓப்பன் பார்க்கிங் ஃபிளாட்ல இருந்துக்கிட்டு இஎம்ஐ கட்டுற நம்மதான்.

துணி டாப்புக்கு முதல் எதிரி வெயில். வினைல் காஞ்சு விறைச்சு மடிப்புல வெடிக்கும், பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகி மங்கும். ரெண்டாவது எதிரி ஈரம். மழையில நனைஞ்ச டாப்பை அப்படியே மடிச்சு வைக்கவே கூடாது. ரெண்டு நாள்ல கருப்புப் பூஞ்சை வரும், அது போகாது. காய விட்டுத்தான் மடிக்கணும். பிளாஸ்டிக் ஜன்னல்ல தூசியோட சுருட்டினா அந்தத் தூசியே உப்புத்தாள் மாதிரி கீறிடும். முதல்ல தண்ணி ஊத்திக் கழுவி, மெல்லிய துணியால ஒத்தி எடுங்க. கழுவ மிதமான கார் ஷாம்பூவும் மென்மையான பிரஷும் போதும். மண்ணெண்ணெய், பெட்ரோல், துணி சோப்புத்தூள் எதுவும் கூடாது. வாட்டர் வாஷ்ல பிரஷர் கன்னைத் தையல் பக்கம் பிடிக்க விடாதீங்க.

கார் கவர் நல்லதுதான், ஆனா காத்து போய் வர்ற கவரா இருக்கணும். தார்ப்பாயை எடுத்துப் போர்த்துறாங்க சிலர். உள்ள புழுங்கி, ஈரம் தங்கி, வெயிலை விட மோசமாக்கும். ஈரமான வண்டி மேல கவர் போடாதீங்க, தூசி மேலயும் போடாதீங்க. அடிவயித்துப் பட்டையைக் கட்டலன்னா காத்துல படபடன்னு அடிச்சு டாப்பையும் பெயின்ட்டையும் தேய்ச்சிடும்.

மரத்தடி நிழல்னு நம்பி நிறுத்துறதுலயும் வகை இருக்கு. தென்னைக்குக் கீழ வேண்டாம், காரணம் சொல்ல வேண்டியதில்ல. மாமரம் தை, மாசியில பூக்கும்போது தத்துப்பூச்சி விழும். அது விடுற தேன் மாதிரிப் பிசுபிசுப்பு டாப்புல ஒட்டி, அது மேல கரும்பூஞ்சை படரும். ராஜபாளையம் பக்கம் தோப்பு வச்சிருக்கவங்க வீட்டு டிராக்டரைப் பார்த்தாலே தெரியும். பறவை எச்சத்தை அன்னைக்கே கழுவிடுங்க.

குரங்குக்கு கார் கவர் பதிலே இல்ல, அதையும் சேர்த்து இழுக்கும். ஒரே வழி, உள்ள தின்பண்டம் இருக்கக் கூடாது, வாசனை கூட. மலையடிவாரம், கோயில், அருவி பக்கம் போறப்ப வாங்கினதைக் கையோட எடுத்துட்டுப் போங்க. டூல் கிட்டுல ஒரு ரோல் ரிப்பேர் டேப் வச்சிருங்க. சின்னக் கிழிசலை அன்னைக்கே ஒட்டினா ஓட்டத்துல காத்து பிடிச்சுப் பெரிசாகாது.

வெட்டவெளியை விட்டா வழியே இல்லன்னா, மூடின பார்க்கிங் வாடகையைக் கேட்டுப் பாருங்க. மாசம் ₹1,500ன்னா வருஷத்துக்கு 18,000. ரெண்டு வருஷத்துல ஒரு புது டாப் விலை வந்துடும். அப்ப டாப் ரெண்டு வருஷத்துக்கு மேல தாங்கும்னா வாடகை நஷ்டம்தான்னு கணக்கு சொல்லும். ஆனா சீட், டேஷ்போர்டு, பெயின்ட், திருட்டு பயம் எல்லாத்தையும் சேர்த்தா எனக்கு அந்த 18,000 அதிகமாத் தெரியல. வண்டி வாங்குறதுக்கு முன்னாடியே இதை இஎம்ஐயோட கூட்டிப் பார்த்திருந்தா, எங்க பையன் ஹார்ட் டாப் எடுத்திருப்பான்னு சித்தப்பா இன்னைக்கும் சொல்றார்.

கடைசியில என்ன ஆச்சு

கிளெய்ம் போடல. புது டாப்பும் வாங்கல. ராஜபாளையத்துல சீட் கவர் தைக்கிற ஒரு அண்ணன்கிட்ட வண்டியைக் காட்டினோம். "தம்பி, இதுக்குப் போய் நாப்பதாயிரமா?"ன்னு கேட்டுட்டு, உள்பக்கம் அதே தடிமன்ல துணி வச்சு ரெண்டு கிழிசலையும் தைச்சு, தையல் மேல தண்ணி இறங்காம பசை ஓட்டி, ஜன்னலுக்குப் புது பிளாஸ்டிக் ஷீட்டும் ஜிப்பும் போட்டுக் கொடுத்தார். ₹3,500. கிட்ட போய்ப் பார்த்தா தையல் தெரியும். அவனுக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான்.

தீபாவளி கழிச்சு ரினியூவல் வந்துச்சு. 45% போக ஓன் டேமேஜ் ₹8,800, ஜீரோ டெப் ₹4,200, தேர்ட் பார்ட்டி ₹7,897, ஜிஎஸ்டி சேர்த்து ₹24,658. ஜீரோ டெப் திரும்ப வேணும்னதால கம்பெனியிலேர்ந்து ஆள் வந்து வண்டியைச் சுத்திப் போட்டோ எடுத்தார். டாப்புத் தையலைக் காட்டி "இது என்ன சார்?"ன்னு கேட்டாராம். குரங்குன்னு சொல்லியிருக்கான். அவர் சிரிச்சுட்டு, ரிப்பேர் முடிஞ்சதுன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டுப் போயிட்டார். பாலிசி மறுநாளே மெயில்ல வந்துச்சு.